எடை குறைப்பில் மனசு விட்டுப்போனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

வெயிட் மிஷினைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஏழு மாதம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவள் நான். 2021 ஜூனில் 82 கிலோ இருந்தேன். அடுத்த மார்ச்சில் 73. அப்போதுதான் தள்ளிவிட்டது. அக்டோபரில் ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மறுபடி கையில் அகப்பட்டது. தூசி துடைத்து ஏறி நின்றால் 78. பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து 69க்கு வந்தேன். இப்போது 68க்கும் 71க்கும் நடுவில் ஓடுகிறது. என் உயரத்துக்குக் கணக்குப் பார்த்தால் இன்னும் அதிகம்தான். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, டாக்டர் 'பார்டர்' என்று சொன்ன சுகர் கீழே வந்திருக்கிறது.

அந்த ஏழு மாதமும் 'எனக்கு மனஉறுதி பத்தாது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உருப்படியில்லாத கண்டுபிடிப்பு அது. தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டால், 'மோட்டாருக்கு மனசில்லை' என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். ஃபுட் வால்வில் கோளாறா, எங்காவது காற்று வாங்குகிறதா, வோல்டேஜ் குறைவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆர்வம் வடிவதும் அப்படித்தான். அன்றாட ஏற்பாட்டில் ஏதோ ஓர் இடத்தில் கசிகிறது, அது மனசில் போய்த் தெரிகிறது. கீழே இருப்பதில் உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும், இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து அதே அளவிலும் சாப்பாடு பாதியாகவும் இருந்தால் சுகர் தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பட்டினி கிடப்பது, தின்றதை வாந்தி எடுப்பது என்று முன்பு அவதிப்பட்டவர்கள், இவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். டாக்டரிடமே போகட்டும்.

முதல் பத்து நாள் மளமளவென்று இறங்கியது, அப்புறம் முள் நகரவில்லை

இதில் பெரும்பாலும் பழுதே இல்லை. முதலில் இறங்கியது எது என்று தெரியாததுதான் பிரச்சினை.

நம் ஈரலும் தசையும் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் கொஞ்சம் சேர்த்து வைக்கின்றன. ஓர் ஆளுக்கு 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் இந்தக் கையிருப்புதான் முதலில் கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் ஒன்றரை இரண்டு கிலோ காணாமல் போன சந்தோஷத்தில் பெரும்பங்கு தண்ணீர். அதே வேகத்தில் கொழுப்பு கரையாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 400 கலோரி குறைத்தாலும் ஒரு கிலோ கரைய மூன்று வாரம் போல ஆகும்.

ஆகவே, எதிர்பார்ப்பைத் திருத்துங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ, நன்றாகப் போனால் ஒன்றரை. வருஷத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

ஆனால் ஆறேழு மாதம் ஒழுங்காக இறங்கி, அப்புறம் நின்றால் கதை வேறு. உடம்பு சின்னதாகிவிட்டது, அதற்கு வேண்டிய தீனியும் குறைந்துவிட்டது. 82 கிலோவைச் சுமந்து நடந்தபோது செலவான அளவு 73 கிலோவுக்குச் செலவாகாது. அதற்கு மேலும் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சில மாதங்களில் மலைமலையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு சோதித்தது. 2016ல் வெளியான அந்த ஆய்வில், அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடையிலும் பெரும்பாலானது திரும்பி வந்திருந்தது. நம்மைப் போல மெதுவாகக் குறைப்பவர்களுக்கு அவ்வளவு கடுமை இருக்காது. ஆனாலும் முள் நிற்கிற இடத்தில் உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நான் 73ல் நின்றபோது என்னைத்தான் சந்தேகப்பட்டேன், மிஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

நேற்று 74.2, இன்று 75.6. பார்த்தாலே எரிச்சல்

ஒரே நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் பதினோராயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். தின்றீர்களா? நேற்று ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கருவாட்டுக் குழம்பும் ஓடியிருக்கும், அவ்வளவுதான். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், புதிதாகச் செய்த உடற்பயிற்சியால் வந்த தசை வலி, எல்லாமே முள்ளை ஏற்றும்.

இரண்டில் ஒன்று செய்யலாம். தினமும் பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை மட்டும் போன வார சராசரியோடு ஒப்பிடலாம். அது மனசைக் குலைக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, கழிவறை போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்க்கலாம். நான் இரண்டாவது ரகம். முழுசாகப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 13.6 கிலோவுக்குக் குறையாமல் இழந்து, ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள்.

கூடவே தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். எடை அசையாத மாதங்களில் எனக்கு டேப்தான் நல்ல சேதி சொன்னது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுகர் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் போலக் கவனித்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய பிரிவில் சுகர் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, ஆனால் எடையில் சொல்லும்படியான மாற்றமில்லை. முள் அசையாத நாட்களிலும் உள்ளே வேலை நடக்கத்தான் செய்கிறது.

ஒரு கல்யாணத்தோடு எல்லாம் போச்சு

'முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?' எடை குறைக்கிற நம்மையெல்லாம் கவிழ்த்துவிட்டது இந்த ஒரு பழமொழிதான். பந்தியில் ஒரு ஜாங்கிரி தின்றாயிற்று, சரி, இன்னொன்று, அப்புறம் பால் பாயசம், சாயங்காலம் ரிசப்ஷனில் பரோட்டா, மறுநாள் கட்டுச்சோறு, 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்'. எந்தத் திங்கட்கிழமை என்று யாரும் கேட்பதில்லை.

1975லேயே இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். டயட்டைப் பற்றிக் கவலையே படாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள், மில்க்‌ஷேக் குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். விரதம் கலைந்துவிட்டது, இனி எதற்குக் கணக்கு என்ற எண்ணம்தான்.

எங்கே கசிகிறது? விசேஷத்தில் இல்லை, விசேஷத்துக்கு மறுநாளில். ஒரு பந்தியில் வழக்கத்தைவிட 800 கலோரி கூடுதலாகத் தின்றாலும் அது நூறு கிராம் கொழுப்புதான். அதைத் தொடர்ந்து 'போச்சு' என்று விட்ட நாலு நாள்தான் முள்ளை ஏற்றுகிறது. அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம் போல இருக்க வேண்டும், திருத்தம் அவ்வளவுதான். அடுத்த நாள் இல்லை, அடுத்த வேளை. பட்டினி போட்டு ஈடுகட்டவும் கூடாது, அது சாயங்காலம் வேறு வழியில் திரும்பி வரும்.

மதுரையில் இருந்துகொண்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே விசேஷம் இல்லாத மாதமே கிடையாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் முழுக்கப் பந்தல் பந்தலாகப் பானகம், நீர்மோர், பொங்கல், புளியோதரை. ஆடியில் கூழோடு கிடாவெட்டு. புரட்டாசியில் கறி மீனை விட்டோம் என்று பெயர், அந்த இடத்தை வடையும் அப்பளமும் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் தீபாவளி. மார்கழியில் கோயில் பொங்கல், நெய் வழிய வழிய. 'இந்த விசேஷம் முடியட்டும், ஆரம்பிக்கிறேன்' என்று சொல்கிறவர் ஆரம்பிக்கவே போவதில்லை. விசேஷ நாளிலும் ஓடுகிற ஏற்பாடுதான் இங்கே ஓடும். நான் பந்தியில் உட்கார்ந்தால் ஓர் இனிப்பை மட்டும் பிடித்ததாகப் பார்த்து முழுசாக, ருசித்துச் சாப்பிடுவேன். இரண்டாவது சோற்றுக்குக் கை காட்டுவேன், 'போதும்' என்று. பரிமாறுகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பகல் முழுக்கக் கட்டுப்பாடு, ராத்திரி பத்து மணிக்கு டப்பாவைத் திறக்கிறேன்

டப்பாவை விடுங்கள், மதியச் சாப்பாட்டைப் பாருங்கள்.

என் முதல் டயட்டில் ஆபீசுக்கு வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் கொண்டு போனேன். பெருமையாக இருந்தது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, விளக்குப் போடாமல், தகர டப்பா சத்தம் வராமல் திறந்து காராச்சேவு தின்றேன். படுத்துக்கொண்டு சமையல் வீடியோவாகப் பார்த்தேன், செய்யப் போவதே இல்லாத கேக்கு, பிரியாணி எல்லாம். பின்னால் ஒரு விஷயம் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944, 45ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தார்கள், சோற்றைப் பற்றியே பேசினார்கள், கனவிலும் சாப்பாடு. அந்த 'அரைப்பட்டினி'யின் அளவு நாளுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி. கையில் திணிக்கப்படுகிற டயட் சார்ட்டுகள் பலவற்றில் 1,200 என்று இருக்கிறது. அவர்கள் வாரம் 35 கிலோமீட்டர் நடந்த இளைஞர்கள், நம் தேவை அவ்வளவு இல்லை என்பது சரிதான். ஆனாலும் பசித்த மூளை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிகிறது அல்லவா?

மாற்றியது இதுதான். மதியம் ஒரு கப் சாதம், அதற்கு இரண்டு மடங்கு பொரியலோ கூட்டோ, கெட்டிப் பருப்பு அல்லது முட்டை அல்லது குழம்பு மீன். புரதம் வயிற்றில் நின்று பேசும், வெள்ளரிக்காய் பேசாது. ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், கட்டாயமாக, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். இந்தச் சுண்டலைச் சேர்த்த பிறகுதான் ராத்திரிக் காராச்சேவு நின்றது. கூடுதலாகத் தின்று எடை குறைந்த கதை இது.

தூக்கமும் இதில் ஒரு கை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2004ல் வந்தது. பத்து மணி நேரம் படுக்கவிட்டபோது இருந்ததோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. சீரியல் முடிந்து போன், போன் முடிந்து பன்னிரண்டரை மணி, இந்த வரிசையில் இருப்பவர்கள் டயட்டைத் திருத்தும் முன் படுக்கும் நேரத்தைத் திருத்தலாம்.

எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், ஆனாலும் குறையவில்லை

இதைச் சொல்கிறவர்களை நான் சந்தேகப்படுவதில்லை, அவர்கள் அடுப்படியைத்தான் சந்தேகப்படுவேன். வரிசையாகப் பாருங்கள்.

எண்ணெய்: ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. கணக்கு வைக்க எளிய வழி, பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் பேனாவால் தேதி எழுதுவது. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் போய்க்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது. தூக்குச் சட்டியிலிருந்து சாய்த்து ஊற்றுகிற கைக்கு அளவு தெரியாது, கரண்டியால் அளந்து ஊற்றினால் தெரியும். இப்போது இரண்டரை லிட்டர். யாரும் ருசி குறைந்ததாகச் சொல்லவில்லை. பையன் மட்டும் ஒரு தடவை தோசை முறுகலாக இல்லை என்றான்.

டீ, காப்பி: ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு ஐந்து டம்ளர் என்றால் 40, 50 கிராம் சர்க்கரை வந்துவிடும். ஆபீசில் யார் எழுந்தாலும் 'டீ வேணுமா?' என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல் மாதத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன், நாக்கு சண்டை போடவில்லை.

மிச்சம்: தாய்மார்களுக்கென்றே உள்ள பழுது இது. பிள்ளை வைத்த கால் தோசை, பாத்திரத்தின் அடியில் ஒரு பிடி தயிர்சாதம், நேற்றைய கேசரி. 'வீணாக்கக் கூடாது' என்று வளர்த்திருக்கிறார்கள், அதனால் நாமே குப்பைக்கூடை ஆகிவிட்டோம். நான் ஒரு வாரம் மிச்சம் தின்றதையெல்லாம் காலண்டர் தாளில் குறித்தேன். அது தனியாக ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்கு இருந்தது. இப்போது மிச்சம் டப்பாவில் போய் ஃப்ரிட்ஜில் உட்காரும், மறுநாள் அவனவன் வைத்ததை அவனவன் தின்ன வேண்டும். அரிசியையும் அரை டம்ளர் குறைத்துப் போடுகிறேன்.

நடந்த கணக்கு: அரை மணி நேர நிதான நடைக்கு 100 முதல் 150 கலோரி போகும். நடந்து முடித்துத் திரும்பும் வழியில் இரண்டு உளுந்த வடை என்றால் வரவு அதிகம், செலவு குறைவு.

இதெல்லாம் உண்மையிலேயே சரியாக இருந்து, இரண்டு மூன்று மாதமாகியும் எடையோ இடுப்போ அசையவில்லை என்றால் அடுப்படியை விட்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டு, பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இவையெல்லாம் குறுக்கே நிற்கும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சுகர் மாத்திரைகள், சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகளில் சில, எடையை ஏற்றக்கூடியவை. மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. 'மாற்று உண்டா?' என்று கேட்கலாம்.

வாக்கிங் விட்டுப்போச்சு

எப்போது விட்டது என்று காலண்டரைப் பார்த்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். எனக்கு அக்டோபர், நவம்பர் மழையில் விட்டது. அப்புறம் தைப்பூசத் தெப்பத் திருவிழாவில். நான் நடப்பது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. அந்த நாட்களில் அங்கே நிற்கவே இடம் இருக்காது. ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் அந்த இடம் போனால் நடையும் போகும்.

அதனால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். மழை என்றால் மொட்டை மாடிப்படி ஐந்து தடவை ஏறி இறங்குவது. அதுவும் முடியாவிட்டால் கூடத்தில் பத்து நிமிஷம். கேலியாகத்தான் இருக்கும். கூடத்தில் நான் நடப்பதைப் பார்த்து 'யாரைத் தேடுற?' என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் பெரிதாக எதுவும் கரையாது, ஆனால் கயிறு அறுபடாது.

இன்னொரு கசிவு, 'நேரம் கிடைக்கும்போது நடக்கலாம்' என்பது. கிடைக்காது. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள். காலை டீ டம்ளரைக் கழுவி வைத்த கையோடு செருப்பு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். தினமும் ஒரே சமயத்தில், உதாரணமாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு புதுச் செயலைச் செய்யச் சொன்னார்கள். யோசிக்காமலே செய்யும் அளவுக்கு அது பழக நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகமில்லை. 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னதை நம்பி, 22வது நாளும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று நொந்துபோயிருந்தால், கோளாறு உங்களிடம் இல்லை.

பத்தாயிரம் காலடி வரவில்லை என்று சோர்கிறவர்களுக்கு ஒரு சேதி. அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயர். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில் 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். யாரும் அளந்து பார்த்துக் கண்டுபிடித்த எல்லை இல்லை. இப்போது மூவாயிரம் நடக்கிறவர் ஐயாயிரம் நடந்தால் அது லாபம்.

முழங்கால் வலியால் விட்டவர்கள் நடையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் இந்தப் பயிற்சியைக் கைவிடக் கூடாது.

வீட்டில் யாரும் ஒத்துழைக்கவில்லை

தனக்கென்று தனிச் சமையல் செய்கிறவர் ஆறு மாதம் தாண்டிப் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கு மூன்று விதமாகச் சமைத்தால் அலுப்பு வரும், அந்த அலுப்புக்குத்தான் நாம் 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று பெயர் வைக்கிறோம்.

சமையலை மாற்றாமல் தட்டை மாற்றுங்கள். அதே சாம்பார், அதே பொரியல். என் தட்டில் பொரியல் முதலில் விழும், பாதித் தட்டு. மிச்ச இடத்தில்தான் சாதம். நொறுக்குத் தீனியை வீட்டில் வைக்கவே கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தேன், அத்தை இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் டப்பாவை அத்தை அறை அலமாரிக்கு மாற்றினேன். அவரிடம் போய்க் கேட்டு வாங்கித் தின்பதற்கு எனக்கு வெட்கம். வேலை முடிந்தது.

'என்ன தாயி, இளைச்சுப் போயிட்ட, சுகரா?'

எட்டு கிலோ குறைந்ததும் தெருவே கேட்கும். நம் ஊரில் சதை என்றால் சௌக்கியம், இளைத்தால் வியாதி. 'முகம் வத்திப்போச்சு, முன்னாடிதான் லட்சணமா இருந்த' என்று ஒரு சித்தி சொன்னதில் நான் மூன்று நாள் ராத்திரி பரோட்டா தின்றேன். பதிலை முன்னாலேயே தயார் பண்ணி வையுங்கள். நான் சொல்வது: 'ஆமா சித்தி, சுகர் வரக் கூடாதுன்னுதான்.' அதற்கு மேல் அவர்கள் தங்கள் சுகரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நாம் தப்பித்துக்கொள்ளலாம்.

'எதுக்குக் கஷ்டப்படற, ஊசி போட்டுக்கோ'

எடை குறைக்க வாரம் ஒரு முறை போடும் புது ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. தேவைப்படுகிறவர்கள் டாக்டர் மேற்பார்வையில் போட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடு ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஊசி போட்டாலும் தட்டும் நடையும் மாறித்தான் ஆக வேண்டும்.

நினைத்த எடை வந்துவிட்டது, இனி எதற்கு என்று தெரியவில்லை

யாரும் எச்சரிக்காத அறிகுறி இதுதான். குறையும்போது ஒவ்வொரு வாரமும் ஒரு பரிசு கிடைத்தது, புடவை பிளவுஸ் தளர்ந்தது, நாலு பேர் கேட்டார்கள். நின்றபின் ஒன்றுமில்லை. அதே சுண்டல், அதே தெப்பக்குளம், அதே எண். கைதட்ட ஆளில்லாத வேலை.

எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, எண்ணுக்குப் பதில் வேறு காரியத்தை இலக்காக்கியது. போன வருஷம் அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் நிற்காமல் நடந்து ஏறினேன். அடுத்து திருப்பரங்குன்றம் மலை. மற்றொன்று, மேல்கோடு. 71க்கு மேல் இரண்டு ஞாயிறு தொடர்ந்து காட்டினால் மட்டும் ஏதாவது செய்வது, அதுவரை நிம்மதியாக இருப்பது. என்ன செய்வது என்பதும் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை: எண்ணெய் பாக்கெட் தேதியைச் சரிபார், மிச்சத்தை ஒரு வாரம் குறி, படுக்கும் நேரத்தைப் பார்.

பொங்கல் முடிந்து இரண்டு ஞாயிறும் 71க்கு மேல் காட்டியது. எண்ணெய் சரியாகத்தான் இருந்தது. மிச்சத்தைக் குறித்தேன், ஊரிலிருந்து வந்த அதிரசம் தினம் ஒன்று என் கணக்கில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. மீதி இருந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு 70.8. படுக்கும் நேரத்தில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.